வழிக்கு யார் பொறுப்பு? இப்னு பதூதாவின் வாழ்க்கை

கினிகத்தேனைச் சந்தியில் பிறந்து வளர்ந்தவள் நான். டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை எங்கள் சந்தி உறங்குவதில்லை. கித்துல்கல ஏற்றத்தில் மூச்சு வாங்கி வரும் பஸ்கள் சந்தியில் நிற்கும். யாத்திரிகர்கள் இறங்கித் தேநீர் குடிப்பார்கள். பின்னர் சில பஸ்கள் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் திரும்பும். சில நேரே அட்டனுக்குப் போகும். எந்தப் பக்கம் போனாலும் சேருமிடம் ஒரே மலைதான். சிங்களவருக்கு அது ஸ்ரீ பாத; இந்துக்களுக்குச் சிவனொளிபாதம்; எங்கள் மூத்தோர் வாயில் அது பாவா ஆதம் மலை. 2,243 மீற்றர் உயரம். உச்சியில் ஒரு பாதச் சுவடு. அது யாருடையது என்பதில் ஆளுக்கொரு நம்பிக்கை இருக்கிறது. ஏறும் படிகள் எல்லோருக்கும் ஒன்றே.

இவ்வருடம் எங்கள் தமிழ் மன்றத்து மாணவியர் அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பொறுப்பாசிரியை என்ற முறையில் பெற்றோருக்கு அனுமதிப் படிவம் அனுப்பினேன். பெரும்பாலானவை கையொப்பத்தோடு திரும்பி வந்தன. ஒன்று மட்டும் கையொப்பமின்றி வந்தது. கையொப்பம் இடவேண்டிய இடத்தில், வழியில் என் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று ஒரு வாப்பா கேட்டு எழுதியிருந்தார். அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. 2019க்குப் பிறகு நம் வீடுகளில் குடியேறிய பயம் அது. பிள்ளை எங்கே போகிறாள், என்ன உடுத்திப் போகிறாள், யார் என்ன கேட்பார் என்ற பயம்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அதே மலைக்கு 1344ஆம் ஆண்டில் போய் வந்த ஒரு பயணி நினைவுக்கு வந்தார். அந்த வாப்பாவின் கேள்வியை வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் அவர். அவரைப் பற்றி நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது பெரும்பாலும் இத்தனை நாடு, இத்தனை மைல் என்ற கணக்குத்தான். அந்த நாடுகளுக்குள் அவர் எப்படி நுழைந்தார், எப்படி உயிரோடு வெளியே வந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

அபூ அப்துல்லாஹ் முஹம்மத் இப்னு பதூதா 1304இல் மொறோக்கோவின் தஞ்சியர் நகரில் பிறந்தவர். காதிமார் பலர் தோன்றிய குடும்பம். அவரும் மாலிக்கி மத்ஹபின் சட்டம் கற்றார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார். தாயும் தந்தையும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிவது தமக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை முதுமையிலும் மறக்காமல் பதிவு செய்தார்.

முதல் பாடம் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பிஜாயாவில் கிடைத்தது. அங்கே அவரைக் கடும் காய்ச்சல் பிடித்தது. குணமாகும்வரை தங்கும்படி உடன் வந்த வணிகர் சொன்னார், இளைஞர் கேட்கவில்லை. அப்படியானால் கழுதையையும் கனமான சாமான்களையும் விற்றுவிடு, வழியில் கொள்ளையர் பயம் உண்டு, பாரம் குறைத்து வேகமாகப் போக வேண்டும் என்றார் வணிகர். ஏறிச்செல்ல ஒரு விலங்கையும் தங்க ஒரு கூடாரத்தையும் இரவலாகத் தந்தார். பாரத்தைக் குறை, கூட்டத்தோடு போ, வழி தெரிந்தவர் சொல்லைக் கேள். ஆபத்தான நாட்டுக்குள் போகும் எவருக்கும் இன்றும் சொல்லப்படும் அறிவுரை இதுதான்.

எகிப்தை அடைந்ததும் செங்கடலைக் கடந்து மக்காவுக்குப் போக எண்ணி ஐதாப் துறைமுகம் வரை போனார். அங்கே பெஜா இனத்தலைவன் எகிப்திய மம்லூக்குகளோடு போரில் இருந்தான். கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன, கடக்க வழியில்லை. கொண்டுபோன உணவுப்பொருட்களை விற்றுவிட்டு வந்த வழியே திரும்பினார். பாலைவனத்தையும் நைல் நதியையும் மறுபடி கடந்து, சிரியா வழியாகச் சுற்றிப் போய், 1326இல் தம் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். வீரப் பயணி என்று நாம் கொண்டாடும் மனிதர் பயணத்தின் தொடக்கத்திலேயே திரும்பி நடக்கக் கற்றுக்கொண்டார். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

எகிப்திலிருந்து சிரியாவுக்குப் போகும் வழியில் கத்யா என்ற எல்லைச்சாவடி இருந்தது. எகிப்து அரசின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் சிரியாவுக்குள் போக முடியாது; சிரியாவின் சீட்டு இல்லாமல் எகிப்துக்குள் வரவும் முடியாது. ஈராக்கை அப்போது மங்கோலியர் ஆண்டார்கள். அவர்களுடைய ஒற்றர்கள் நுழையாதிருக்கவும், வணிகரின் உடைமை காக்கப்படவும் இந்த ஏற்பாடு. பாதை முழுவதும் மணல். மாலையானதும் மணலைச் சமப்படுத்தி விடுவார்கள். காலையில் அதிகாரி வந்து பார்ப்பார். மணலில் ஒரு காலடித் தடம் தெரிந்தாலும், அந்த ஆளைப் பிடித்துவர ஆட்கள் புறப்படுவார்கள். கடவுச்சீட்டும் எல்லைக் காவலும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு 700 ஆண்டு பழைய இந்த மணல் ஒரு பதில்.

சீட்டு மட்டும் போதுமா? கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் அவருக்கு இதற்கான விடை கிடைத்தது. தங்கக் கூட்டத்தின் ஆட்சியாளர் உஸ்பெக் கானுடைய மனைவியருள் ஒருவரான பயலூன், பைசாந்தியப் பேரரசரின் மகள். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போக அவர் புறப்பட்டபோது, இப்னு பதூதா தாமும் உடன் போக அனுமதி கேட்டார். அவருடைய உயிருக்கு அஞ்சி முதலில் மறுத்த கான், பின்னர் இசைந்தார். அத்தனை பெரிய படைத்துணையோடு போயும், நகர வாசலில் காவலர் முஸ்லிம்களை உள்ளே விடவில்லை. இளவரசி தந்தையிடம் பேசி அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. பேரரசர் அவருக்கு ஓர் ஆடையும் குதிரையும் குடையும் கொடுத்தார். நகரைச் சுற்றிக்காட்ட ஒருவரையும் நியமித்தார். அந்த ஆடை அணிந்து அந்தக் குதிரையில் ஏறியவரை இசை முழங்க கடைவீதி வழியே அழைத்துப் போவார்கள். இவர் அரசரின் பாதுகாப்பில் இருப்பவர், எவரும் துன்புறுத்தக் கூடாது என்று ஊர் முழுவதும் அறியவே அந்த ஊர்வலம். இஸ்லாமியச் சட்டத்தில் இத்தகைய அடைக்கலத்துக்கு அமான் என்று பெயர். அமான் என்பது ஒருவர் மற்றவருக்காகப் பொறுப்பேற்று நிற்பது. சீட்டு அதன் அடையாளம் மட்டுமே.

1333 செப்டெம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். அன்றைய தில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக். எல்லையில் புதிதாக ஒருவர் வந்தால், அவருடைய தோற்றம், உடை, உடன் வந்தோர், பணியாட்கள், விலங்குகள் என்று எல்லாவற்றையும் எழுதி அஞ்சல் ஓட்டக்காரர் மூலம் சுல்தானுக்கு அனுப்புவார்கள். பதில் வரும்வரை முல்தானில் காத்திருக்க வேண்டும். நாட்டில் தங்கிப் பணியாற்றவே வந்தேன் என்று எழுத்தில் உறுதி கொடுத்தவர்களுக்கே மேலே போக வழி. இப்னு பதூதா அந்த உறுதியைக் கொடுத்தார். தில்லியில் காதிப் பதவியும் பெரும் சம்பளமும் கிடைத்தன.

நுழைவது எளிது, வெளியேறுவதே கடினம் என்பது பிறகுதான் விளங்கியது. சுல்தான் கொடுக்கும்போது அள்ளிக் கொடுப்பார். சினந்தால் உயிரை எடுப்பார். ஷெய்கு ஷிஹாபுத்தீன் என்ற பெரியவர் சுல்தானின் கோபத்துக்கு ஆளானார். அவரைப் போய்ப் பார்த்த குற்றத்துக்காக இப்னு பதூதாவைச் சுற்றி நான்கு காவலர் நிறுத்தப்பட்டார்கள். அப்படிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அவர் நோன்பு நோற்றார், குர்ஆன் ஓதினார், ஒரே நாளில் ஒரு திக்ரை 33,000 தடவை சொன்னார். ஷெய்கு கொல்லப்பட்டார், இவர் தப்பினார். உடனே பதவியைத் துறந்து துறவிபோல் வாழத் தொடங்கினார்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மார் நினைவுக்கு வருவார்கள். போகும்போது எல்லா வாசல்களும் திறந்தே இருந்தன. போய்ச் சேர்ந்தபின் கடவுச்சீட்டை வீட்டு எசமான் வாங்கி வைத்துக்கொண்டதால் திரும்ப முடியாமல் தவித்தவர்கள் பலர். ஒரு நாட்டுக்கு அனுமதி கேட்கும்போதே, அங்கிருந்து வெளியே வரும் வழியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குப் புரிந்த மொழியில் வாசித்த பின்னரே கையொப்பம் வைக்க வேண்டும்.

சுல்தானே அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். சீன அரசருக்கு அனுப்பும் தூதுக்குழுவின் தலைவராக அவரை நியமித்தார். 1342 ஜூலையில் தில்லியை விட்டுப் புறப்பட்டார். அலிகார் நகரின் பழைய பெயர் கோயில். அதன் அருகே நடந்த சண்டையில் கூட்டத்தைப் பிரிந்து, தனியே அகப்பட்டு, உயிர் தப்பிக் காடுகளில் பல நாள் அலைந்தார். நடக்க முடியாமல் விழுந்தபோது வழிப்போக்கர் ஒருவர் அவரைத் தோளில் சுமந்து ஊர் சேர்த்தார். பின்னர் கள்ளிக்கோட்டையில், சீனத்துக்குக் கப்பல் ஏறவேண்டிய நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அன்றிரவு அடித்த புயலில் அன்பளிப்புகள் ஏற்றிய பெரிய கப்பல் உடைந்து, உள்ளிருந்தவர்கள் மாண்டார்கள். அவருடைய உடைமையும் அடிமைப் பெண்களும் இருந்த மற்றக் கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலில் போய்விட்டது. அந்தப் பெண்களுள் அவருடைய பிள்ளையைச் சுமந்திருந்த ஒருத்தி இறந்துபோனாள் என்றும், மற்றவர்களை ஜாவா பக்கத்து மன்னன் எடுத்துக்கொண்டான் என்றும் பின்னர் அவருக்குச் செய்தி வந்தது.

மாணவியர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அரபு மொழியும் மார்க்கக் கல்வியும் காதி என்ற பெயரும் இப்னு பதூதாவுக்கு எந்தத் துறைமுகத்திலும் ஒரு வாசலைத் திறந்தன. அந்தப் பெண்களுக்காகப் பொறுப்பு நிற்க யாரும் இருக்கவில்லை. அவர் காலத்தின் வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் பயணத்தின் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்காமல் ஒரு பயணியின் வாழ்க்கையைப் படித்து முடிக்க என்னால் இயலவில்லை.

வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்ப அஞ்சிய அவர் மாலைதீவுக்குப் போனார். அப்போது அங்கே அரியணையில் இருந்தவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. அங்கும் காதியானார்; அரச குடும்பத்தோடு மண உறவு கொண்டார்; அங்குள்ள அரசியல் பகையில் அகப்பட்டு 1344இல் தீவை விட்டு நீங்கினார். சோழமண்டலக் கரைக்குப் போக வேண்டிய கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலிலிருந்தே எங்கள் மலையைக் கண்டார். வானில் எழும் புகைத்தூண் போல் அது தெரிந்ததாம்.

அன்று இத்தீவு ஒரு கொடியின் கீழ் இருக்கவில்லை. வடக்கையும் மேற்குக் கடற்கரையின் ஒரு பகுதியையும் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி வைத்திருந்தார். மலைப்பக்கம் வேறு சிங்கள அரசர். கரையைக் கண்ட மாலுமிகள் நடுங்கினார்கள். இது வணிகர் அச்சமின்றி இறங்கும் துறை அல்ல, இந்த அரசன் கொடியவன், கடற்கொள்ளைக் கப்பல்கள் வைத்திருப்பவன் என்றார்கள். புயலோ கப்பலை மூழ்கடிக்கப் பார்த்தது. தம்மைக் கரையில் இறக்கிவிட்டால் அரசரிடம் போய் எல்லோருக்கும் அமான் வாங்கி வருவதாகச் சொல்லி இப்னு பதூதா இறங்கினார்.

கரையில் மறித்தவர்கள் யாரென்று கேட்டார்கள். மதுரை சுல்தானின் உறவினன், நண்பன் என்றார். அது உண்மை. தில்லியில் அவர் மணந்த பெண்களுள் ஒருவர் மதுரையில் தனியரசு அமைத்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள். அன்று மதுரையை ஆண்ட கியாதுத்தீன் அதே வீட்டில் பெண் எடுத்தவர். நம் வழக்கில் சொன்னால் இருவரும் சகலன்மார். அதோடு, கப்பலில் உள்ளது அந்த சுல்தானுக்கான அன்பளிப்பு என்றும் சொன்னார். கடல் கொந்தளிக்கும்போது சொன்ன அந்தச் சொல்லை நான் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் மாணவியருக்கு ஒன்று சொல்வேன். இன்று விசா விண்ணப்பத்தில் எழுதும் ஒரு பொய் அந்த நாட்டின் கதவை நெடுங்காலத்துக்கு மூடிவிடக்கூடும். உண்மையான உறவு, உண்மையான நோக்கம், உண்மையான தாள். இந்த மூன்றுமே கடைசிவரை உடன் வருபவை.

புத்தளத்தில் அரசரைக் கண்டார். மரத்தால் ஆன மதிலும் காவற்கோபுரங்களும் கொண்ட சிறிய, அழகிய ஊர் அது என்கிறார். மாலுமிகள் கொடியவன் என்று சொன்ன அந்த அரசர் பாரசீக மொழி அறிந்தவர். தூர தேசத்து அரசர்களின் கதைகளை ஆவலோடு கேட்டார், முத்துக்களைக் காட்டினார், விருந்தினருக்கும் கொடுத்தார். என்ன வேண்டும் கேள் என்றபோது, ஆதம் நபி (அலை) அவர்களின் பாதத்தைத் தரிசிக்கவே விரும்புகிறேன் என்றார் இப்னு பதூதா. அது எளிது, துணைக்கு ஆள் தருகிறேன் என்றார் அரசர். கப்பல் பத்திரமாகப் போகவும், தாம் திரும்பி வந்ததும் தம்மை அனுப்பி வைக்கவும் வேண்டும் என்றார். அதற்கும் அரசர் இசைந்தார்.

அரசர் கொடுத்த துணையைக் கேளுங்கள். ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க அடிமைகள். ஆண்டுதோறும் அந்தப் பாதத்துக்குப் போய்வரும் யோகிகள் நால்வர். பிராமணர் மூவர். அரசரின் சொந்தப் பரிவாரத்தார் பதின்மர். உணவு சுமக்கப் பதினைந்து பேர். ஒரு முஸ்லிம் பயணி தம் நபியின் சுவடு என்று நம்பிய இடத்துக்குப் போக, ஓர் இந்து அரசர் யோகிகளையும் பிராமணரையும் அனுப்புகிறார். அவர்கள் கடந்து போகவேண்டியது பௌத்தரான வேறோர் அரசரின் நாடு. வழியில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு 1344இல் கிடைத்த விடை இது.

சிலாபம் வழியே போய், குனக்கார் என்று அவர் எழுதும் தலைநகரை அடைந்தார்கள். அது குருநாகல் என்பாரும் உண்டு. கம்பளை என்பாரும் உண்டு. ஊருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மான் என்பவருடைய பள்ளிவாசல் இருந்தது. அந்நாட்டு அரசரும் மக்களும் அவரை மதித்தார்கள். மலைக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். மாடு அறுத்த குற்றத்துக்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. அந்நாட்டில் அதற்கு உயிர்தான் தண்டனை. மதிப்புக்குரியவர் என்பதால் உயிரை விட்டார்கள். அதே அரசு ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்தது. அதன்பின் அவருடைய பிள்ளைகள் வழிகாட்டினார்கள். இந்தச் செய்தி இனிமையானதல்ல. ஒரே நாட்டில் மதிப்பும் கடுந்தண்டனையும் அடுத்தடுத்து நின்றன. போகும் இடத்துச் சட்டத்தையும் மக்கள் எதைப் புனிதமாகக் கருதுகிறார்கள் என்பதையும் முன்பே அறிந்திருப்பது உயிர்ப் பாதுகாப்பு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை.

அங்கிருந்து குகைகள், ஆறுகள், குரங்குகள், மூங்கில் காடுகள். பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்தால் சிரிக்கும் ஓர் இடம்: அட்டைகள். புல்லிலும் மரத்திலும் இருந்து மனிதர் மேல் தாவுகின்றன, கடித்த இடத்தில் இரத்தம் நிற்பதில்லை, அதனால் எல்லோரும் தேசிக்காய் வைத்திருக்கிறார்கள், பிழிந்து விட்டால் விழுந்துவிடும் என்கிறார். மலைகளில் கொழுந்து பறிக்கும் அம்மாமார் இன்றும் தேசிக்காயும் உப்பும் சவர்க்காரமும் பூசித்தான் நிரைக்குள் இறங்குகிறார்கள். ஊர் மக்களின் வைத்தியத்தைக் கேட்டுக்கொள்ளும் பணிவு அவருக்கு இருந்தது.

மலைக்கு இரண்டு வழிகள். ஒன்று பாவா வழி, ஆதமின் பெயரால். மற்றது மாமா வழி, ஹவ்வாவின் பெயரால். மாமா வழி இலகுவானது; திரும்பும்போது அதில் வருவார்கள். பாவா வழி செங்குத்தானது. பாறையில் அறைந்த பத்துச் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதை அடைந்து கீழே குனிந்து பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தம்மையறியாமல் கலிமாவை மொழிந்துவிடுவார். மேலே கிழ்று (அலை) அவர்களின் பெயரால் அமைந்த குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்தார். மேகங்கள் தமக்குக் கீழே நின்றன என்று வியந்தார்.

எங்கள் ஊருக்கு அருகே அம்பகமுவயில் முதலாம் விஜயபாகு மன்னனின் கல்வெட்டு இருக்கிறது. இப்னு பதூதா வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. இந்த மலைக்கு வரும் யாத்திரிகருக்கு வழியில் உணவு கிடைக்க ஊர்களை மானியமாக விட்டதை அது சொல்கிறது. ஆகவே வழிப்போக்கருக்குப் பொறுப்பு நிற்பது இந்த மலைச்சாரலின் பழைய தொழில். அந்தத் தொழிலில் எங்கள் சந்தித் தேநீர்க் கடைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பும் வழியில் தெவிநுவர, காலி, கொழும்பு என்று கரையோரமாகச் சுற்றிப் புத்தளம் வந்தார். அங்கே அவருடைய கப்பல் நின்றது. போகலாம் என்று முன்பே அனுமதி கிடைத்திருந்தும், ஓர் ஆண்டு ஆனாலும் உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று கப்பல் தலைவர் இப்ராஹீம் காத்திருந்தார். அரசரும் சொன்ன சொல்லைக் காத்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அந்த இப்ராஹீம்தான்.

ஆனால் ஒருவர் கொடுத்த அமான் அவருடைய எல்லையோடு முடிந்துவிடும். சோழமண்டலக் கரை நெருங்கும்போது கப்பல் புயலில் உடைந்தது. உடன் இருந்த பெண்களைத் தெப்பத்தில் முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்பக்கத்தில் இரவைக் கழித்தார் இப்னு பதூதா. காலையில் ஊர் மக்கள் படகில் வந்து மீட்டார்கள். மதுரையில் கியாதுத்தீன் கைதிகளை, பெண்களையும் குழந்தைகளையும்கூட, கொன்ற கொடுமையைக் கண்டார். உறவினன் என்று பாராமல், வேறெந்த அரசனிடமும் காணாத இழிசெயல் என்று அதைப் பதிவு செய்தார். பின்னர் மலபார்க் கடலில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்தன. இலங்கை அரசர் கொடுத்த முத்துக்களும் மணிகளும், உடுத்திருந்த உடையும் பறிபோயின. காற்சட்டையோடு கரையேறினார். மத்திய ஆசியாவில் அவர் எழுதி வைத்த குறிப்புகளும் அதோடு போயின. உயிர் மிஞ்சியது; நினைவாற்றல் மிஞ்சியது.

சீனத்துக்குப் போனதையும் எழுதியுள்ளார். அந்தப் பகுதியைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் உண்டு. நாட்டுக்குள் வரும் அந்நியரின் முகத்தை ஓவியமாக வரைந்து வைப்பார்கள், குற்றம் செய்து ஓடினால் அந்தப் படத்தை அனுப்பித் தேடுவார்கள் என்கிறார். கடவுச்சீட்டுப் படத்துக்குச் சிரிக்காமல் இருக்கச் சொல்லும் படப்பிடிப்பாளர் முன் அமரும்போது இது என் நினைவுக்கு வரும்.

1348இல் திமிஷ்க்குக்குத் திரும்பினார். அங்கே விட்டுப்போன மனைவிக்குப் பிறந்த மகன், அவர் ஒருமுறையும் கண்டிராத மகன், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டான் என்று அறிந்தார். தந்தை காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்ற செய்தியும் அங்கேதான் கிடைத்தது. அது பெரும் கொள்ளைநோய்க் காலம். தஞ்சியரை அடையச் சில மாதங்கள் இருக்கும்போது தாயையும் அந்நோய் கொண்டுபோனது. வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் பாதுகாப்பில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அந்த வசதி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

கடைசிப் பெரும் பயணம் 1352இல், சஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்கு. ஆரம்பத்தில் வணிகர் கூட்டத்துக்கு முன்னால் போவது அவர் வழக்கம். உடன் வந்த ஒருவர் மற்றொருவரோடு சண்டையிட்டு, கோபித்துப் பின்தங்கி, வழி தவறி மாண்டுபோனார். அன்றுமுதல் இப்னு பதூதா கூட்டத்துக்கு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் தங்கவில்லை. இருபத்தேழு ஆண்டு பயணித்தவர் அந்த வயதிலும் ஒரு புதுப் பாடம் கற்றார். பாலைவனத்தில் முன்னோடி ஒருவரை நூறு மித்கால் பொன் கொடுத்து அமர்த்தினார்கள். அவருக்கு ஒரு கண் இல்லை, மற்றக் கண்ணில் நோய். ஆனால் வழியை அவரைவிட அறிந்தவர் எவரும் இல்லை.

பின்னர் ஃபெஸ் நகரில், சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, தம் பயணங்களை இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளருக்கு வாய்மொழியாகச் சொன்னார். ரிஹ்லா என்று நாம் அறியும் அந்நூல் 1355இல் நிறைவெய்தியது. அதன்பின் மொறோக்கோவிலேயே ஓர் ஊரின் காதியாக இருந்து மறைந்தார்.

இவற்றையெல்லாம் அந்த வாப்பாவுக்கு எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்: பஸ் எத்தனை மணிக்குச் சந்தியைக் கடக்கும், நல்லதண்ணியில் யார் எங்களுக்காக நிற்பார், ஐந்து பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியை பொறுப்பு, கூட்டத்துக்கு முன்னே ஓடவும் பின்தங்கவும் ஏன் இடமில்லை, எந்த நேரத்துக்கு மேல் உச்சி தெரிந்தாலும் ஏறாமல் திரும்புவோம், மழை வந்தால் என்ன செய்வோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் அடையாள அட்டையின் பிரதியும் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் இருக்கும் என்றும், ஒவ்வொருவரும் ஒரு தேசிக்காய் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினேன். கடைசி வரியில், வழியில் உங்கள் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். அதை எழுதும்போது கை சற்று நடுங்கியது உண்மை.

இரண்டு நாள் கழித்துப் படிவம் வந்தது. கையொப்பம் இருந்தது. அதன் கீழே, திரும்பி வரும் பஸ்ஸுக்காகத் தாம் கினிகத்தேனைச் சந்தியில் நிற்பதாகவும், எவ்வளவு நேரமானாலும் நிற்பதாகவும் அந்த வாப்பா எழுதியிருந்தார். புத்தளத்துத் துறையில் காத்திருந்த கப்பல் தலைவர் இப்ராஹீமை நினைத்துக்கொண்டேன். படிவத்தை மற்றவற்றோடு சேர்த்துக் கோவையில் வைத்தேன்.